அலுமினியத் தூசி படாத இடம்

பழைய லேப்டாப் விளையாட்டின் நடுவில் தானாக அணைந்துபோக ஆரம்பித்ததும் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேனில் தூசி அடைத்திருக்கும் என்று தெரியும். எல்லார் வீட்டு லேப்டாப்பிலும் அடைக்கும். ஆனால் என் லேப்டாப்பில் இருந்த தூசி மின்னியது. பஞ்சு போலச் சுருண்டிருந்த அழுக்குக்குள் சாம்பல் நிறமாக இருந்தது, ஜன்னல் வெயிலில் பிடித்தால் வெள்ளியாகத் தெரிந்தது. விரலில் தேய்த்ததும் ரேகைகளுக்குள் ஏறிக்கொண்டது. அப்பாவின் கையில் தினமும் பார்க்கிற நிறம்.

சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் எங்கள் வீடு. அப்பா பட்டாசு ஆலையில் மருந்து சலிக்கிறார். வாணத்துக்கு வெள்ளை வெளிச்சம் கொடுப்பது அலுமினியப் பவுடர். கோலமாவை விட நைசாக இருக்கும். ஆலையிலேயே கைகால் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். இருந்தாலும் புருவத்திலும் காலர் மடிப்பிலும் கொஞ்சம் மினுக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வீடு திரும்புகிறார்கள். அதை யாரும் தூசி என்று சொல்வதில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே சாஃப்ட்வேரைச் சோதித்துப் பிழை சொல்லும் வேலை. விருதுநகரில் என்னோடு படித்தவர்கள் சென்னையிலோ, கல்யாணமாகி வேறெங்கோ இருக்கிறார்கள். அக்காவின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போன அம்மாவுக்கு, குழந்தை பிறந்த பிறகும் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான்.

வேலை முடிந்ததும் ஆன்லைனில் விளையாடுவேன். என் அணியில் இருப்பவர்கள் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. மைக்கை அணைத்தே வைத்திருப்பேன். பெண் குரல் கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று ஒருமுறை பார்த்தது போதும். அவர்களுக்கு நான் பேசாத, குறி தப்பாத ஒரு ஆண்.

அதனால் ஒரு நாளில் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் அநேகமாக அப்பாவிடம்தான். சாயங்காலம் வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் என் அறைக்கு வந்து டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வார். நான் காபி போட்டுக் கொடுப்பேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். விளையாட்டு அவருக்குப் புரியாது, ஆனால் அபிப்பிராயம் இருக்கும்.

"இவன் ஏன் தாயி அந்த மரத்துப் பின்னாடியே நிக்கான்? வயித்தால போகுதா?"

குண்டு வெடிக்கும்போதெல்லாம் கூர்ந்து பார்ப்பார். இந்த வெடிக்கு இத்தனை புகை வரவே வராது, இப்படிச் செய்து அனுப்பினால் ஆர்டர் கொடுத்தவன் சண்டைக்கு வருவான் என்பார். நான் சிரிப்பேன். ஹெட்போனில் யாரோ கத்திக்கொண்டிருப்பார்கள்.

லேப்டாப் போனதும் புதிதாக ஒரு டெஸ்க்டாப்பை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது என்று முடிவு செய்தேன். கல்லூரி நாளிலிருந்தே ஆசை. லேப்டாப் தாங்குவதற்காகப் படத்தின் தரத்தைக் குறைத்துக் குறைத்து, புல் முளைக்காத காட்டிலேயே இத்தனை வருடம் விளையாடியாகிவிட்டது. இந்தமுறை நல்ல கிராபிக்ஸ் கார்டு, அதைக் காக்கவைக்காத புராசசர், இரண்டுக்கும் தாராளமாகப் போதுமான பவர் சப்ளை. பட்டியல் போட எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் 'எதனால் கெடும்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன்.

அந்தக் கட்டத்தில்தான் எங்கள் ஊர் வந்தது. சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கும், அதற்கு யுபிஎஸ். எர்த் கம்பி துருப்பிடித்து உள்ளேயே அற்றுப்போயிருந்தது. சாத்தூரிலிருந்து எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, கொல்லையில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டுப் புதிதாக இறக்கினோம். தண்ணீரில் குளிரவைக்கும் கூலர் வேண்டாம் என்று வைத்தேன். ஒழுகினால் மதுரைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதுவரை எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. அலுமினியத்துக்கு இல்லை.

சாதாரணத் தூசி சூடுதான் ஏற்றும். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். மதர்போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே படிந்தால் அதோடு முடிந்தது. பெரிய ஃபேன்கள் வைத்த கேபினெட் அறைக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல வலை வைத்தாலும் அத்தனை நைசான பவுடர் நுழைந்துவிடும். இணையத்தில் கம்ப்யூட்டர் பூட்டுபவர்கள் கூடும் குழு ஒன்றில் கேட்டேன். வீட்டுக் காற்றில் அலுமினியம் எப்படி வரும் என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் அப்பா வந்ததும் வாசலிலேயே சொன்னேன். புது மெஷின் வரப்போகிறது, அலுமினியம் பட்டால் கெட்டுவிடும், வேலைத் துணியோடு இந்த அறைக்குள் வர வேண்டாம். அவர் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி தாயி. வரல."

குளித்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். குளித்தார், வேறு கைலி கட்டினார், ஹாலில் கட்டிலில் உட்கார்ந்து டிவியைப் போட்டார். காபியை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே கொடுத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து எனக்குக் கொய்யாப்பழம் வாங்கி வந்தார். கழுவி, தட்டில் வைத்து, என் அறை நிலைப்படிக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, "இங்கன வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆலையில் ஒவ்வொரு அறை வாசலிலும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கை நிறைந்திருந்தால் அடுத்த ஆள் தண்ணீர் கொடுக்கக்கூட உள்ளே போக மாட்டார். கொண்டுவந்ததை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். விதிக்குக் காரணம் கேட்பது, இந்த ஒருதரம் மட்டும் என்று வளைப்பது, எதுவும் அங்கே கிடையாது. அந்தப் பழக்கத்தினால்தான் அவர் இத்தனை வருடமும் முழுசாக வீடு திரும்பியிருக்கிறார். நான் துணியைப் பற்றிச் சொன்னேன். அவருடைய காதில் அது அறையைப் பற்றிய விதியாக விழுந்தது. கோபமில்லை, வருத்தமும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

திட்டம் நன்றாகவே முன்னேறியது. பாகங்கள் ஒவ்வொன்றாக மதுரையிலிருந்து வந்தன. சிவகாசியில் பார்சல் ஆபீஸுக்குப் போய் வாங்கி வருவேன். தீபாவளி முடிந்த காலம், அதனால் கூட்டமில்லை. கல்யாண ஆர்டர் பட்டாசுக்குப் பக்கத்தில் என் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் என்ன சரக்கு என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். ஆபீஸுக்கா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, அந்தக் கார்டு எவ்வளவு கனம் என்று கையில் வைத்துப் பார்த்தேன். சொல்வதற்கு ஆள் ஹாலில்தான் இருந்தார். நடுவில் ஒரு சுவர். டிவியில் மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை, அறையை இரண்டுமுறை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாகங்களைப் பூட்ட உட்கார்ந்தேன். புராசசர் தன் குழியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அதன் மேல் வைக்கும் ஃபேன் கூலர் பெரியது. திருகும்போது யாராவது ஒரு கை பிடித்தால் நல்லது என்று வழிகாட்டியில் போட்டிருந்தது. முழங்கையால் முட்டுக் கொடுத்துக்கூடச் செய்திருக்கலாம். அப்பாவைக் கூப்பிட்டேன். நிலைப்படி வரை வந்து நின்றார். உள்ளே வந்து பிடிக்கச் சொன்னேன்.

"வேண்டாம் தாயி. நான் இங்கனயே நிக்கேன்."

"குளிச்சிட்டீகல்ல. இன்னிக்கி வேலைக்கும் போகல."

"குளிச்சா போயிருமா? இங்க பாரு." விரல்களை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் சாம்பல் நிறம் இருந்தது. "காதுக்குள்ள கிடக்கும், தலையில கிடக்கும். அம்புட்டு ஆசையா வாங்கியிருக்க. நான் வந்து தொட்டு அது போச்சுன்னா?"

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நானே எழுதி வைத்த கட்டத்தைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். பரவாயில்லை, வாங்க என்று சொல்லலாம். சொன்னால் வரமாட்டார். வந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முட்டுக் கொடுத்து நானே திருகினேன். நான்காவது திருகு இறங்கும் வரை அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுப்பில் சோறு இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மத்தியானம் அது உயிர்பெற்றது. ஃபேன்கள் சுற்றின, திரையில் எழுத்து வந்தது. அந்தக் காட்டுக்குள் முதல்முறையாகப் புல்லைப் பார்த்தேன். காற்றில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக ஆடியது. அணியில் ஒருவன் என்ன கார்டு போட்டிருக்கிறாய் என்று கேட்டு எழுதினான். பெயரை எழுதினேன். ஒரு பெருவிரல் படம் அனுப்பினான். டிரங்குப் பெட்டி மேல் பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தேன். ஒரு ஆட்டம்தான் ஆடினேன். ஜெயித்தோம். அணைத்துவிட்டேன்.

அன்றைக்கு மறுபடி பட்டியலைத் திறந்தேன். எதையெல்லாம் அந்த அறைக்குள் வைத்தாக வேண்டும் என்று முதலிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தேன். கேபினெட்டை வைத்தாக வேண்டும். திரையை? கீபோர்டை? என்னை? நீளமான டிஸ்ப்ளே கேபிள் கிடைக்கிறது. யுஎஸ்பிக்கும் நீட்டிப்புக் கேபிள் உண்டு. கேபினெட் அறைக்குள் கதவு சாத்தி இருக்கட்டும். மற்றதெல்லாம் ஹாலுக்கு வரலாம். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம் என்று சொல்ல முடியாது. முதல் நாள் எதை வெளியே நிறுத்துவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

கேபிள்கள் வந்ததும் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி, கேபினெட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டு, அறைப் பக்கமிருந்து சுவரைத் துளைத்தேன். தூசி பறக்காமலிருக்க ஹால் பக்கம் அப்பா ஈரத்துணியோடு நின்றார். செங்கல் கடினமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"வந்துருச்சு தாயி. நிப்பாட்டு."

டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டோம். திரை பெரியது. ஹாலே அதன் வெளிச்சமாகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதற்காக ஜன்னலுக்குத் திரைச்சீலை போட வேண்டியிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கினேன். அப்பா குளித்துவிட்டு வந்து, துண்டால் கைகளை இன்னொருமுறை துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார். திரைக்கும் அவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம்.

"இம்புட்டுத் தூரம் போதுமா?"

மெஷின் அந்த அறையில் இருக்கிறது, இங்கே இருப்பது வெறும் கண்ணாடிதான் என்று சொன்னேன். அதற்கு எதுவும் ஆகாது, பக்கத்தில் வாங்க என்றேன். அவர் சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார், சுவரில் கேபிள் வரும் ஓட்டையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி, ஒரு சாண் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.