இரவல் போன நான்சி

கொண்டப்பநாயக்கன்பட்டியில் தனப்பிரியா என்றால் பால்காரருக்குக்கூடத் தெரியும். அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. அங்கே அவள் பெயர் நான்சி. சேலத்தில் மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே சூட்டிவிட்ட பெயர். அமெரிக்க டாக்டர்கள் பார்த்த வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசிப் பணம் வாங்கித் தருகிற வேலை அது. போனில் பேச, அவர்கள் வாயில் நுழைகிற பெயர் வேண்டுமாம். பக்கத்து சீட்டு உஷாராணிக்கு கேட்டி என்று வைத்தார்கள். டீ குடிக்கப் போனால் இருவரும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.

அந்தக் கம்பெனியில் பல வருஷம் மாடாய் உழைத்தாள். பிறகு, "எவனுக்கோ ஒழைக்கறத நமக்கே ஒழைச்சா என்னங்க?" என்று கணவன் ஈஸ்வரிடம் கேட்டுவிட்டு, படுக்கையறை ஓரத்தில் மேசையைப் போட்டாள். இன்வெர்ட்டர், இன்டர்நெட், அதன் வழியாகப் பேச அமெரிக்க போன் நம்பர் ஒன்று. டாக்டர் டாக்டராக மெயில் அனுப்பி, நாய் படாத பாடு பட்டுப் பிடித்தது ஒரே ஒரு கிளினிக். அதுதான் அவள் தொழில், அவள் கௌரவம், எல்லாம். அங்கே மேனேஜர் ஜூடித் இவளிடம் உயிராக இருந்தாள். தன் பூனைக்குக் காய்ச்சல் வந்ததைக்கூட நான்சியிடம்தான் சொல்வாள்.

தனப்பிரியாவுக்குப் பிரசவம் நெருங்கியது. சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து உஷாராணி கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் வேலையை விட்டு வீட்டில்தான் இருந்தாள். "நீ நிம்மதியா ஊட்டுல படுத்துக்க புள்ள. நீ எந்திரிச்சு வார வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள். தனப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவள் செய்வாளா இதை?

ஆள் மாறியது தெரிந்தால் ஜூடித் மிரண்டுவிடுவாளே என்று இவளுக்குப் பயம். கம்பெனியில் நான்சி லீவு போட்டால் இன்னொருத்தி நான்சியாகப் பேசுவது வழக்கம்தான். அதையே இங்கேயும் செய்தாள், பைத்தியக்காரி. பாஸ்வேர்டைக் கொடுத்தாள், நம்பரைக் கொடுத்தாள், போதாததற்குக் குரலையும் கொடுத்தாள். எங்கே இழுத்துப் பேச வேண்டும், பூனையை எப்படி விசாரிக்க வேண்டும் என்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து பழக்கினாள். உஷாராணி அச்சு அசலாகப் பேசிக் காட்டினாள். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைத்து, உடம்பு தேறி, ஆசையாக மேசைக்கு வந்து உட்கார்ந்தால் பாஸ்வேர்டு தப்பு என்றது கம்ப்யூட்டர்.

"சர்வர்ல ஏதோ கோளாறு புள்ள. நீ கொழந்தையப் பாரு சாமி, இப்ப என்ன அவசரம்?" என்றாள் உஷாராணி. அடுத்த வாரமும் கோளாறு. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

"நேரா அந்தம்மாகிட்டயே பேசிப்போடு" என்றான் ஈஸ்வர். சாயங்காலம் தன் செல்போனிலிருந்தே கிளினிக்கைக் கூப்பிட்டாள் தனப்பிரியா. "ஜூடித், நான் நான்சி."

ஜூடித் கறாராகப் பேசினாள். "நான்சி நேற்றுத்தான் என்னிடம் பேசினாள். முன்பு உதவிக்கு இருந்த பெண் ஒருத்தி, தானே நான்சி என்று சொல்லிக் கூப்பிடுவாள் என்றும் சொன்னாள். இனிமேல் இங்கே கூப்பிடாதே."

"இல்லை, நான்தான்... என் பெயர் தனப்பிரியா."

"யார்?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

கூடவே உட்கார்ந்து சோறு தின்ற சண்டாளி, நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள். இதை எங்கே போய்ச் சொல்வது? நான்சி நான்தான் என்று காட்ட ஆதார் கார்டா இருக்கிறது? தான் வாங்கிய அந்த அமெரிக்க நம்பருக்கே போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். "ஹலோ, நான்சி பேசுகிறேன்" என்றது குரல். இவள் இழுக்கச் சொன்ன இடத்தில் சரியாக இழுத்தது.

"உஷா, நாந்தான் புள்ள, தனம். உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?"

இத்தனை வருஷத்தில் இவளிடம் ஒரு நாளும் பேசாத இங்கிலீஷில் உஷாராணி பதில் சொன்னாள். தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டீர்களாம். மன்னிக்க வேண்டுமாம்.