மூன்று பேருக்கு ஓர் அண்டா

பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் எங்கள் சின்னக் குழு, போன வாரம் பழைய பாத்திரம் கேட்டிருந்தது. காரைக்குடியில் பாத்திரம் கேட்டால் என்ன வரும் என்று யோசித்திருக்க வேண்டும்.

வந்ததெல்லாம் கல்யாணச் சீராக வந்து அறைக்குள் பூட்டிக் கிடந்த அண்டாக்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது பேருக்குச் சமைக்கலாம்.

ஒடிசாவிலிருந்து வந்த சவிதா வீட்டில் மூன்றே பேர். அவர்களுக்கு நாங்கள் கொடுத்த அண்டாவை வைத்தால் சமையலறையில் ஆள் நிற்க இடமில்லை. வீட்டுக்கார ஆச்சி வேறு, "ஒரு மாசம் பாப்பேன். சரிப்படலைன்னா காலி பண்ணச் சொல்லிருவேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

இன்று மத்தியானம் அண்டாவைத் திருப்பி எடுத்துவரப் போனேன். வாசலில் மூன்று கல்லின்மேல் அது கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்.

சவிதாவுக்குத் தமிழ் இன்னும் சரியாக வராது. தெருவைக் கை காட்டி, "எல்லாருக்கும் சாப்பாடு" என்றார்.

பாதித் தெரு தட்டோடு வந்தது. கடைசியாக வந்த ஆச்சி, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து நான் அண்டாவில் கை வைத்ததும் ஆச்சி கேட்டார்: "அதை எங்க தூக்கிட்டுப் போறீக? இங்குட்டே கிடக்கட்டும்."

"ஒரு மாசம்னு சொன்னீகளே, ஆச்சி?"

"இப்ப யாரு மாசக் கணக்குக் கேட்டா?"

அண்டா அங்கேயே இருக்கிறது. ஆனால் நாளைக்கு அந்த மூன்று பேருக்குச் சோறு வடிக்க ஒரு சின்னப் பானை இன்னும் வேண்டும். இருப்பவர்கள் படம் அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்து எடுத்தால், இந்தத் தடவை அளவு தெரிந்துகொள்வேன்.