அவள் பங்குப் புளி

புளி தட்டும் கட்டை ஒன்று நேற்று வரை என் வீட்டு மூலையில் சாய்ந்திருந்தது. என் தம்பி மகள் பிடித்துப் பிடித்து வழவழப்பான கட்டை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

எங்கள் ஜவ்வாது மலையில் மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். முழுப்பரீட்சை வருவதும் அதையொட்டித்தான். பையன் பரீட்சைக்குப் போவான். பெண் ஓடு உடைத்துக் கொட்டை எடுக்க உட்காருவாள். பரீட்சை எழுதாதவளுக்கு மறுபடி பள்ளிக்கூடம் போக வெட்கம். அப்புறம் என்ன, கல்யாணம். நான் ஐந்தாவதோடு நின்றதும் அப்படித்தான். வழக்கம் என்றார்கள். யாருக்கு வசதியான வழக்கம்?

தம்பி மகள் திருப்பத்தூர் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்தவள். கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கட்டையோடு வீடு வீடாகப் போனாள். "உங்க பொண்ணு பங்குப் புளிய நான் தட்டுறேன், அவள பரீட்சைக்கு அனுப்புங்க" என்று வாசலில் உட்கார்ந்துவிடுவாள். சில வீடுகளில் அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். அவர் மகள் அப்போது எட்டாவது.

"இன்னாம்மா, கலெக்டரே புளி தட்ட வந்துட்டாங்களா?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கலெக்டரு உங்க வூட்டுக்குள்ள இருக்கா மாமா. அவ போய்ட்டு வர்ற வரைக்கும் நான் தட்டுறேன்."

அவர் முகம் கறுத்தது. கட்டையைப் பிடுங்கி வீதியில் எறிந்தார். இனி எவனும் இவளை வாசலில் சேர்க்கக் கூடாது என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். அவர் மகள் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டவே இல்லை. அடுத்த தையில் அமிர்திப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் தாய்மார்கள் கூடையில் புளியை மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்கள். நாங்கள் இருவரும் தட்டினோம். அவர்களுடைய பெண்கள் பரீட்சை எழுதினார்கள். தம்பி மகள் இப்போது வேலூரில் சட்டம் படிக்கிறாள்.

முந்தாநாள் பள்ளி ஆண்டு விழா. மேடையில் மாலை போட்டு உட்கார்ந்திருந்தவர் அதே பெரியவர். "பொண்ணுங்கள படிக்க வைக்கிறதுல நம்ம ஊருதான் முன்னாடி நிக்குது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மகன் வயிற்றுப் பேத்தி ஒரு வாரமாக வீட்டில் புளி தட்டிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. புளி தட்ட வரும். இன்று முழுப்பரீட்சை தொடக்கம். காலையில் கட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் உட்கார்ந்தேன்.

"இன்னா அக்கா, காலையிலயே?"

"உங்க பேத்தி பங்கு எங்க? கொண்டாந்து வையிங்க."

தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவர் கை கட்டையை நோக்கி நீண்டது. முந்தாநாள் மேடையில் பேசிய வாயாயிற்றே, கை பாதியிலேயே நின்றுவிட்டது. பேத்தி கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பையை மாட்டினாள். அவள் அத்தை தாண்டாத வாசலை ஒரே எட்டில் தாண்டி ஓடினாள்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கட்டையை ஓங்கினேன்.