தூசி படாத பிள்ளை

குன்னூர் டாக்டரின் அறையில் என் மகளின் நெஞ்சு விசிலடித்தது. என் அப்பாவின் நெஞ்சில் கேட்ட அதே சத்தம்.

அப்பாவுக்கு எஸ்டேட் பேக்டரியில் தேயிலை சலிக்கும் வேலை. அந்தத் தூசியால்தான் தனக்கு இழுப்பு வந்தது என்று நம்பினார். ஷிப்ட் முடிந்து தேயிலை வாசத்தோடு வருவார். நான் ஓடிப்போனால் கையை நீட்டித் தடுப்பார்.

"கிட்ட வராத கண்ணு, தூசி ஒட்டிக்கும்."

குளித்த பிறகும் தள்ளியே உட்காருவார். எனக்கு இழுப்பு வரவேயில்லை. அந்தப் பெருமையோடுதான் கண்ணை மூடினார்.

என் மகள் பேக்டரி வாசலைக்கூட மிதித்ததில்லை. டாக்டரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"தூசி இழுப்பைக் கிளப்பிவிடும், அவ்வளவுதானுங்க. இது வம்சத்துல வர்றது. உங்க வழியா பாப்பாவுக்கு வந்திருக்கும்."

மூச்சு வாங்கிக்கொண்டே மகள் என் மடியில் சாய்ந்தாள்.

அப்படியென்றால் அப்பா என்னைத் தூக்கியிருக்கலாமே.