புகைக்கூடத்தில் எடுத்த படம்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். சொந்தமாக ஒரு சினிமா எடுத்துவிட வேண்டும் என்று வெறி. தாப்பா பக்கம், ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன ரப்பர் தோட்டம் ஒன்றில் ரகசியக் கூட்டம் கூடுகிறது, அதில் சேர்ந்தவர்கள் சொந்த வீட்டையே மறந்துவிடுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதைத் திருட்டுத்தனமாகப் படம் பிடிக்க நினைத்தேன்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் பள்ளித் தோழனிடம் சொன்னேன்.

"அங்க எனக்கு ஓராளத் தெரியும் மச்சான். பக்தனாட்டம் வா, போலாம்."

ஒரு ஞாயிறு மதியம் போனோம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்திய பழைய புகைக்கூடம். சுவரெல்லாம் கரி. வெள்ளை உடுத்தியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சின்ன மூவி கேமராவைப் பிரம்புக் கூடையில் துண்டு போட்டு மறைத்து, லென்ஸுக்கு மட்டும் இடைவெளி விட்டு வைத்திருந்தேன். அவர்கள் 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்ததும் அதை ஓடவிட்டு வாசலோரம் வைத்தேன். மோட்டார் சத்தம் முனகலில் அமுங்கியது.

"தம்பி, நடுவுல உக்காருங்க. எல்லாரும் கண்ண மூடிக்கலாம்," என்றார் கூட்டத்தை நடத்திய அம்மாள்.

மூடினேன். முனகல் மெல்ல நெருங்கி வந்தது. கழுத்தில் யாருடைய மூச்சோ பட்டது. கண் திறக்கத் துணிவு வரவில்லை. "போதும்" என்ற குரல் கேட்டுத் திறந்தால், அத்தனை பேரும் கண்ணை மூடி அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

கழுவி வந்த சுருளை ஸ்டூடியோ சுவரில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நான் கண்ணை மூடுகிறேன். உடனே மற்ற எல்லாரும் திறக்கிறார்கள். எழுந்து வந்து என்னைச் சூழ்ந்து குனிகிறார்கள். என் முகத்துக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவன் என் தோழன்.

பஸ் நிலையத்தில் அவனைப் பிடித்தேன்.

"எத்தன நாளா நீ அவங்க ஆளு?"

"கோவப்படாத லா. உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"கேமரா இருந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். துண்டு சரிஞ்சு லென்ஸ மறைச்சிருந்துச்சு. கூட்டத்த நடத்தின அந்த அக்காதான் நகத்தி விட்டாங்க."

அடுத்த மாதம் அவன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டான். அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேடிப் போனேன். கட்டடம் காலி. தரையைச் சுத்தமாகக் கூட்டியிருந்தார்கள். அவர்கள் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப் பக்கம் போனதாக அங்கே மாடு மேய்த்தவர் சொன்னார். அங்கேயும் போய்க் கேட்டோம். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள்.