சிவப்புத் துணி கட்டிய பழம்

இலஞ்சியில் எங்கள் தெருவில் சங்கரம்மாளைப் பற்றிக் கேட்டால், முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பிறகுதான் அவள் தக்காளியைப் பற்றி. நான் தக்காளியில் தொடங்குகிறேன்; வாய் தானாக வந்து சேரும்.

1930-ல் சங்கரம்மாள் குற்றாலத்துப் பங்களா ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாரல் விழும் இரண்டு மாதமும் ஒரு வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு வந்து தங்குவார். ஒருநாள் வெடித்துப்போன பழம் ஒன்றைச் சமையல்காரர் சன்னல் வழியே வீசினார். அது அவள் பெருக்கி முடித்த இடத்தில் வந்து விழுந்தது. சமையல்காரரின் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசிவிட்டு, பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மேலே பூசணிக்காய் போல மடிப்பு மடிப்பாக வரி. உள்ளே ஏகப்பட்ட விதை. இவ்வளவு விதையைக் குப்பையில் போட மனசு வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

புறவாசலில், குளித்த தண்ணீர் ஓடுகிற இடத்தில், அது முளைத்துக் காய்த்தது. சீமைத்தக்காளி என்று பேர் தெரிந்ததே தவிர, அதைத் தின்ன தெருவில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பச்சை மாமிசம் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். அவள் புருஷன் பிச்சையா வயலில் கூலி வேலை பார்ப்பவர், பெண்டாட்டி போட்டதைத் தின்கிற மனிதர். அவர்தான் முதலில் ரசம் வைத்துக் குடித்தார். சாகவில்லை. அதன் பிறகு தெருவே கிண்ணத்தை நீட்டியது.

கேட்டவர்களுக்கெல்லாம் சங்கரம்மாள் மடி நிறையக் கொடுப்பாள். ஆனால் செங்காயாகத்தான் கொடுப்பாள். செங்காயில் விதை முற்றியிருக்காது என்பது அவள் எண்ணம். செடியில் இருப்பதிலேயே நல்ல பழங்கள் இரண்டைப் பார்த்து, காம்பில் சிவப்புத் துணி கட்டி விடுவாள். அவை செடியிலேயே கனிந்து தளரும் வரை பிச்சையாகூடத் தொடக்கூடாது. பிறகு விதையைப் பிழிந்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி, சாணியோடு சேர்த்து வரட்டி தட்டி, அடுப்புக்கு மேலே சுவரில் அப்பிவைப்பாள். கார்த்திகையில் அதை உதிர்த்து நாற்றுப் போடுவாள். மாசி பங்குனியில் பழம். விதையை மட்டும் யார் கேட்டாலும் "நாளைக்குத் தாரேன்" என்பாள். அந்த நாளை வந்ததே இல்லை.

கஞ்சத்தனம் என்று பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை, காணி நிலமும் இல்லை. இந்தத் தெருவில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது என்றால் அந்த விதைதான். அதையும் எப்படிக் கொடுப்பாள்?

பக்கத்து வீட்டு முத்துவடிவு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: கறிவேப்பிலைக் கன்றோ மல்லிகைப் பதியமோ, கேட்டு வாங்கி வைத்தால் பிடிக்காது, களவாண்டு வைத்தால்தான் பிடிக்கும். அதை யாரும் திருட்டாக நினைப்பதில்லை. பறிகொடுத்தவர்களும் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு விட்டுவிடுவார்கள். தக்காளிக்கும் அதே நியாயம்தானே என்று முத்துவடிவு நினைத்ததுதான் தப்பாகப் போயிற்று. 1936 பங்குனியில் ஒரு மத்தியானம், துணியை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டாள். இங்கே நட்டால் தெரிந்துவிடும் என்று, பண்பொழியில் கட்டிக்கொடுத்த மகள் வள்ளித்தாயிடம் விதையைக் கொடுத்தனுப்பினாள்.

சங்கரம்மாள் அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தாள். நேரே தெருமுக்கில் போய் நின்றாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளித் தூற்றினாள்.

"என் விதையை எடுத்தவ வம்சம் தழைக்காது! தழைக்கவே தழைக்காது!"

அந்தக் குரல் கோவில் வாசல் வரை கேட்டிருக்கும். மறுநாளே அவளுக்கு அது மறந்துபோயிற்று. இன்னொரு பழம் இருந்ததால் விதைக்கும் குறைவில்லை. முத்துவடிவு வீட்டுக்குப் புளி கடன் கேட்டுப் போய், நெடுநேரம் பேசிவிட்டும் வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவளுக்குத்தான் மறக்கவில்லை.

வள்ளித்தாய் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பிள்ளை தங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் வந்தாள். அதுவும் போயிற்று. இரண்டு தடவையும் சங்கரம்மாள்தான் வீட்டு வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எந்தப் பாவி வாய்விட்டாளோ!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். முத்துவடிவு அவள் முகத்தைப் பார்த்தாள்.

யுத்தம் வந்தது. துரை வருவது நின்று, பங்களா பூட்டிக் கிடந்தது. 1941 ஐப்பசியில் சங்கரம்மாளுக்குக் கடும் காய்ச்சல். நாலு நாளாக அடைமழை. விறகு ஈரம், வரட்டி ஈரம். பிச்சையா அடுப்புப் பற்றவைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எப்படியோ சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார். அவள் எழுந்து உட்கார்ந்து குடித்தாள்.

"நல்லாத்தான் வச்சிருக்கீரு. இந்த ஈரத்துல எப்படிப் பத்துச்சு?"

"அடுப்புக்கு மேல சொவத்துல ஒரு வரட்டி காஞ்சு கெடந்துச்சுல்லா? அதை வச்சுப் பத்தவச்சேன். நின்னு எரிஞ்சுது."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கு உறைத்துவிட்டது. பதினோரு வருஷமாக அது என்ன வரட்டி என்று அவருக்குத் தெரியாதா? பெண்டாட்டி காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடக்கும்போது அவர் கண்ணுக்கு அது காய்ந்த வரட்டியாக மட்டும்தான் தெரிந்தது. சங்கரம்மாள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"ஏட்டி, ஏசிரு. ரெண்டு வார்த்தை ஏசிருட்டி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் பிச்சையா புறவாசலில் குத்தவைத்து, அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார். ஒரு விதையாவது தப்பியிருக்காதா என்று விரலால் துழாவித் துழாவிப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற முத்துவடிவு இதைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. வாசல் வழியாக உள்ளே வந்து சங்கரம்மாளின் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சங்கரம்மா, ஒன் விதை அழியலட்டி. பண்பொழியில எம்மவ வீட்டுக் கிணத்தடியில நாலு செடி நிக்குது, மாசம் பாக்காம காய்க்குது."

"அங்கன எப்படி யக்கா போச்சு?"

"நாந்தான் களவாண்டேன். செடிதான, களவாண்டாத்தான் பிடிக்கும்னு எடுத்துட்டேன். நீ மண்ணள்ளித் தூத்துவேன்னு நெனைக்கல."

சங்கரம்மாள் காய்ச்சலோடு விருட்டென்று எழுந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் முத்துவடிவு காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசு. அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். ஆனா அந்த மண்ணை மட்டும் திரும்ப எடுத்துரு தாயி. வள்ளித்தாய்க்கு இது ஏழாம் மாசம். ரெண்டு தடவையும் இங்கன கூட்டிட்டு வந்துதான் போச்சு. இந்தத் தெருவை அவ மிதிக்கவே எனக்குப் பயமா இருக்கு."

சங்கரம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தப் பாவி வாய்விட்டாளோன்னு நான்தான யக்கா அழுதேன்," என்றாள்.

"ஆமா."

சாபத்தால் பிள்ளை போகும் என்று நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் ஒருவரும் மண்ணள்ளித் தூற்றாத வீடுகளிலும் பிள்ளைகள் அப்படித்தான் போயின. ஆனால் அந்த இரண்டு பெண்கள் நடுவில் போய் இதைச் சொல்ல எந்த ஆண்பிள்ளையாலும் முடியாது.

தூற்றிய மண்ணைத் திரும்ப எடுக்க ஒரு முறை இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சங்கரம்மாள் கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. பிச்சையா தடுக்கத் தடுக்க, தூறலில் நனைந்துகொண்டு தெருமுக்குக்கு நடந்தாள். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினாள். அன்றைக்குக் கத்திய அதே குரலில் கத்தினாள்.

"நான் சொன்னது சொன்னதில்ல! முத்துவடிவு வம்சம் தழைக்கணும்! என் கண்ணு பார்க்கத் தழைக்கணும்!"

தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. முத்துவடிவு களவாண்டது ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. அவள் அதற்கு வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள்.

காய்ச்சல் இறங்கியதும் இருவரும் செங்கோட்டை வழியாகப் பண்பொழிக்கு நடந்தார்கள். தெருமுக்கில் அள்ளி முந்தானையில் முடிந்து கொண்டுபோன அந்த மண்ணைச் சங்கரம்மாள் கிணற்றடித் தக்காளிச் செடியின் தூரில் கொட்டி, கையால் அணைத்து, ஒரு செம்புத் தண்ணீர் விட்டாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற வள்ளித்தாய், "சித்தி, எல்லாப் பழத்தையும் பறிச்சுத் தாரேன், கொண்டுபோங்க," என்றாள்.

"நீ குடுத்தா பிடிக்காதுட்டி. உள்ள போ."

வள்ளித்தாய்க்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள். முத்துவடிவு மலைமேல் இருக்கும் முருகன் கோவில் பக்கம் திரும்பி, குமாரசாமியைக் கும்பிடுவது போல் கண்ணை மூடிக்கொண்டாள். சங்கரம்மாள் நன்றாகக் கனிந்த ஒரு பழத்தைப் பறித்து மடியில் கட்டினாள்.

"கிணத்தடியில யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ஒருத்தரும் இல்லட்டி," என்றாள் சங்கரம்மாள்.

கார்த்திகையில் வள்ளித்தாயை இலஞ்சிக்குக் கூட்டிவந்தார்கள். தெருமுக்கில் வண்டி திரும்பும்போது சங்கரம்மாள் காத்து நின்று, அவள் கையைப் பிடித்து இறக்கி வீடு வரை நடத்திக்கொண்டு போனாள். தை மாதம், தக்காளி பூவிட்டிருந்த சமயம், மதிலுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பெண் குழந்தை. சங்கரம்மாள் பாத்திக்குள் நின்றபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். குழந்தை பிழைத்து வளர்ந்தது. அடுத்த வருஷத்துத் தக்காளியையும் தின்றது.

குழந்தை பிறந்த வருஷத்திலிருந்து சங்கரம்மாள் துணி கட்டும் பழங்கள் இரண்டில் ஒன்று வேலியோரச் செடியில் இருந்தது, கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில். அது களவு போவதற்கென்றே. எங்கள் தெருவில் ஒவ்வொருத்தியாகக் களவாண்டாள். அப்புறம் மேலகரத்துக்கும் தென்காசிக்கும் விதை போயிற்று. ஒரு வருஷம் எல்லார் வீட்டிலும் விதை இருந்ததால் யாரும் அந்தப் பழத்தைத் தொடவில்லை. அது செடியிலேயே அழுகி விழுந்தது. சங்கரம்மாள் தெருமுக்கில் போய் நின்று, வீடு வீடாகப் பேர் சொல்லி, ஒருத்திக்குக்கூடக் கை நீளவில்லையே என்று ஒரு நாழிகை நேரம் ஏசினாள். கையில் மண்ணை மட்டும் எடுக்கவில்லை.