தட்டில் விழுந்த பகடை

எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். மூன்று பேர் இருக்கிறார்கள். கடைக்குட்டி விட்டுப்போனது ஒரு நீலப் பகடை. அரைநெல்லிக்காய் அளவுதான் இருக்கும். நாங்கள் தாயம் ஆடிய கட்டைக்கு நான்கு முகம். இதற்கு இருபது முகம், முகத்துக்கு ஓர் எண். எழுத்து எனக்குக் கூட்டித்தான் வாசிக்க வரும். எண் நன்றாகத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது நாங்கள் நாகமலை புதுக்கோட்டையில் இருந்தோம். எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்த புதுசு. கடைக்குட்டி பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் முன்அறையில் அவனுடைய கூட்டாளிகள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். வெளிநாட்டு விளையாட்டு, ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டது. பலகை கிடையாது, காய் நகர்த்துவது கிடையாது. என் மகன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். ஒருவன் “நான் மதிலேறிக் குதிக்கிறேன்” என்றால், குதித்தானா விழுந்தானா என்று பகடை போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய எண் நல்லது. சின்ன எண் கேடு. ஒன்று விழுந்தால் சாவுகூட வரும். பகடையைப் போடுவது என் மகன்தான், அதுவும் மறைவாக. தேதி கிழித்து முடிந்த காலண்டர் அட்டையை முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டி, தான் மட்டும் பார்த்துச் சொல்வான். அட்டையில் முருகன் படம் இருந்தது.

கோரிப்பாளையத்திலிருந்து ஒரு பிள்ளை வரும். அத்தா என்று அது கூப்பிடும் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. என்னை அம்மா என்றுதான் கூப்பிடும். “ஒங்க மகன் முருகன் படத்துக்குப் பின்னாடி ஒக்காந்து பொய் சொல்றான்மா, கேக்க மாட்டீங்களா” என்று அடுப்படிவரை வந்து கோள்மூட்டும். கதையில் அந்தப் பிள்ளை ஒரு குதிரை வியாபாரி. பாண்டிய ராசாவுக்குக் கடல்வழியாகக் குதிரை கொண்டுவந்தவன். இரண்டு வருஷமாக அதே ஆள்தான். எங்கே மாட்டினாலும் தப்பித்து வந்துவிடுவான். நானும் கீரை ஆய்ந்துகொண்டே அவன் கதையைக் கேட்பேன்.

ஒரு ஞாயிறு, குதிரை வியாபாரி கீழக்குயில்குடி சமணர் மலைமேல் ஓடுகிறான். பின்னால் கொள்ளைக்கூட்டம். பாறைக்குப் பாறை தாவ வேண்டும். பகடை உருண்ட சத்தம் கேட்டது. என் மகன் குனிந்து பார்த்தான். அட்டையைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டான். “தாவிட்டான். ஒரு வேரப் பிடிச்சுத் தொங்குறான்” என்றான்.

கோரிப்பாளையத்துப் பிள்ளை எட்டி அட்டையைத் தூக்கிவிட்டது. ஒன்று விழுந்திருந்தது.

“இது என்ன மாப்ள?”

“பகடைக்கு ஒன்னயத் தெரியுமாடா? எனக்குத் தெரியும். கதை சொல்றவன் எதுக்கு இருக்கேன்?”

“அப்ப ரெண்டு வருசமா நான் ஜெயிச்சதெல்லாம் நீ போட்ட பிச்சையா?”

நான் உள்ளேயிருந்து, “பகடைக்கு என்னய்யா தெரியும், கண்ணா மூக்கா இருக்கு? பொழச்சுப் போகட்டும், விடுங்க” என்றேன். “நீங்களும் அந்தக் கட்சிதானாம்மா” என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை அடுப்படிக்கு வந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துப்போய் நடுவில் வைத்தது. இனிமேல் தட்டில் போடு, எல்லாரும் பார்க்கட்டும் என்றது. அன்றைக்கு விழுந்த ஒன்றும் செல்லும் என்று அதுவே சொன்னது. குதிரை வியாபாரி செத்துப்போனான். மலையில் சமணர் படுத்திருந்த கல்படுக்கை ஒன்றில் அவனைக் கிடத்தியதாக என் மகன் சொன்னபோது, சாகச் சொன்ன பிள்ளையே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தட்டில் பகடை விழும் சத்தம் கேட்டால் முன்அறையில் எல்லாத் தலையும் அதன்மேல் குனிந்துவிடும். “அட்டைக்குப் பின்னாடி போட்டப்ப இம்புட்டுப் பயம் இல்லம்மா. இப்பத்தான் கதை நெசமா இருக்கு” என்றான் என் மகன்.

படிப்பு முடியுமுன்னே அவனுக்கு ரத்தத்தில் வியாதி கண்டது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார். ஆகவே டாக்டர் என்னைத்தான் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். மருந்து கேட்கவில்லை, இனிக் கேட்கும் என்று நம்ப வேண்டாம் என்றார். குழாயடியில் முகத்தைக் கழுவி, சேலையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலருகே கோரிப்பாளையத்துப் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

“டாக்டர் என்னம்மா சொன்னாரு?”

“மருந்து கேக்குதாம்யா. சரியாயிருமாம்.”

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, “தட்டுல போடும்மா” என்றான்.

நான் போடவில்லை. “கேக்குதாம்யா” என்று திரும்பவும் சொன்னேன். “சரிம்மா. அப்ப நான் பொழச்சுட்டேன்” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வராந்தாவில் அந்தப் பிள்ளை கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். அது உள்ளே போய் அவனிடம் சொல்லிவிட்டது. அதன் பிறகு அவர்கள் இருவரும் தணிந்த குரலில் என்னென்னவோ பேசினார்கள். பகடையை எங்கே வைக்க வேண்டும், அவனுடைய பேனாவை யாருக்குக் கொடுக்க வேண்டும், பயம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பேசியதாகப் பிறகு அந்தப் பிள்ளை மேலோட்டமாகச் சொன்னது. ஒரு காலையில் ஆட்டோ பிடித்துச் சமணர் மலை அடிவாரத்துக்குப் போய், ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். என்னிடம் அவன் வீட்டுக்கு வந்ததும் என்ன சாப்பிடுவது என்று மட்டும்தான் பேசினான். அயிரைமீன் குழம்பு வேண்டும் என்றான். வைத்துத் தருகிறேன் என்றேன். கடைசிவரை அந்தப் பேச்சுத்தான் எங்களுக்கு.

நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பெற்றவள் வாயில் அந்தச் சொல் வராது. ஆனால் என் பிள்ளை எதைக் கண்டு பயந்தான் என்று கோரிப்பாளையத்துப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதற்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. நான் கேட்டால் சொல்லும். கேட்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

அந்தத் தட்டு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பகடையை அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன். எழுதிக்கொண்டே வந்த பேத்தி, ஆஸ்பத்திரி வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

“மொதல்லருந்து வாசி தாயி. அம்மாச்சிக்கு வலிக்கும்னு எதையும் மாத்தியிருந்தா, நான் சொன்னபடியே திருப்பி எழுதிட்டு வாசி. தட்டுல போடு.”